தூங்கா நகரத்துக்காரி எழுதிய புகார்

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் வெளிர்நீலத் தாள் ஒன்று கட்டியிருந்தது. லண்டனில் கம்பத்தில் தாள் தொங்கினால் பெரும்பாலும் காணாமல் போன பூனையாக இருக்கும், இல்லையென்றால் ரோடு தோண்டப் போகிறார்கள். இது இரண்டும் இல்லை. எங்கள் முனையில் இருக்கும் சிக்கன் கடையின் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கிறது, கருத்து இருப்பவர்கள் 28 நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வெளிர்நீலம்கூட யாரோ ஒருவருக்குப் பிடித்த நிறம் இல்லையாம், விதியிலேயே எழுதியிருக்கிறது. தாள் ஏ4 அளவுக்குக் குறையக்கூடாது, எழுத்து கறுப்பில் 16 புள்ளிக்குக் குறையக்கூடாது, 28 நாளும் தொங்க வேண்டும். பால் வாங்கக் கிளம்பியவள் பால் வாங்காமலே திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "மதுரைல பொறந்துட்டு ராத்திரி கடைக்கு எதிரா எழுதப் போறியா?"

அந்தக் குத்தல் நியாயமானதுதான். நான் வளர்ந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி பரோட்டாக் கடை. நடுராத்திரியில் கொத்துப் பரோட்டா தட்டும் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. அந்தத் தட்டலில் ஒரு தாளம் இருக்கும், கல்லில் கரண்டி விழும் தாளம் நின்றால்தான் முழிப்பு வரும். அப்படிப்பட்டவள் கிழக்கு லண்டனில் முதல் மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்து "சத்தம் தாங்கவில்லை" என்று கவுன்சிலுக்கு எழுதுவது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்தச் சத்தம் வேறு ஜாதி.

எங்கள் படுக்கையறை ஜன்னல் பக்கத்துத் தெருவைப் பார்க்கிறது, கடையின் பின்கதவும் அங்கேதான். ராத்திரி பன்னிரண்டு வாக்கில் முதலில் மொபெட் வரும். டெலிவரி ஓட்டும் பையன் எஞ்சினை அணைக்காமல் வண்டியைச் சாய்த்துவிட்டு உள்ளே போவான், ஆர்டர் தயாராகியிருக்காது, அது நின்ற இடத்திலேயே தடதடவென்று என் தலையணைக்கு அடியில் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது பேச்சு. பப் மூடி வருகிறவர்களுக்குத் தாங்கள் கத்துகிறோம் என்பதே தெரியாது. ஒருவர் மற்றவரிடம் சிப்ஸ் கேட்பதைக்கூட ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி கேட்பார்கள். இரண்டு மணிக்கு ஷட்டர் இறங்கும், கோலிக்குண்டு உருட்டின மாதிரி ஆரம்பித்து கடைசியில் டமார். அப்பாடா என்று கண்ணை மூடினால் நரி வரும். லண்டன் நரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு, அவை நம்மூர்த் தெருநாய் மாதிரி, குப்பைத் தொட்டியைச் சுற்றி வாழ்கிறவை. மிச்ச எலும்போடு வீசிய அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டு போய் எங்கள் வாசல்படியில் வைத்துப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் மகள் ஷூவில் கொழுப்பு ஒட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றித் தனியாகவே எழுதலாம், பால்கனியில் காயப்போட்ட போர்வையை முகர்ந்தால் பசிக்கும், அவ்வளவுதான் சொல்வேன்.

இதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிட்டேன். கவுன்சிலுக்கு எழுதியிருந்தேன், இல்லையென்று சொல்ல முடியாது. மூன்று மின்னஞ்சல். முதலாவதற்கு எண் கொடுத்தார்கள், இரண்டாவதற்கு வேறு எண் கொடுத்தார்கள், மூன்றாவதை அனுப்பியபோது இது எங்கள் பிரிவு இல்லை என்று பதில் வந்தது. நாலாவது தடவை ஃபோனில் பேசியபோது சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு அதிகாரி ஒருவர் கிடைத்தார். அவர் சொன்னது ஒரே விஷயம்: கோபத்தை எழுதாதீர்கள், நேரத்தை எழுதுங்கள். தேதி, மணி, என்ன சத்தம், எவ்வளவு நேரம், எங்கிருந்து வந்தது. ஒரு படிவம் அனுப்பினார். ஆறு வாரம் எழுதினேன்.

அந்தப் படிவத்தை இன்னும் வைத்திருக்கிறேன். "12.52, மொபெட், எஞ்சின் ஓட்டத்தில், 6 நிமிடம். 1.17, மூன்று பேர், கையில் கடையின் பெட்டி, ஒருவர் பாடுகிறார், 11 நிமிடம். 2.04, ஷட்டர்." படிக்கும்போது எனக்கே என்மேல் பரிதாபம் வரும், ராத்திரி ஒன்றேகாலுக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் பாட்டுக்கு நிமிடம் எண்ணுகிற பெண்பிள்ளை. ஆனால் அந்த "கையில் கடையின் பெட்டி" என்ற மூன்று சொல்தான் கடைசியில் வேலை செய்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, சட்டம். எனக்கு இதில் ஆச்சரியமாக இருந்தது, கடை திறந்திருப்பதற்கு இங்கே லைசென்ஸ் கேட்பதில்லை, சூட்டுக்குத்தான் கேட்கிறார்கள் என்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் இருப்பது 2003ஆம் ஆண்டு லைசென்ஸிங் சட்டம், 2005 நவம்பர் 24 முதல் முழுதாக அமலுக்கு வந்தது. பேச்செல்லாம் சாராயத்தைப் பற்றித்தான் இருந்தது, ஆனால் அதே சட்டத்துக்குள் ராத்திரிச் சாப்பாடும் இருக்கிறது. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சூடான சாப்பாடோ சூடான பானமோ விற்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஆறிப்போன சமோசாவை இரவு இரண்டு மணிக்கு விற்கலாம், ஐஸ்கிரீம் விற்கலாம், கோக் விற்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சமோசாவை மைக்ரோவேவில் வைத்துக் கொடுத்தால் லைசென்ஸ். மெஷினில் காசு போட்டு எடுக்கும் காபிக்கு விலக்கு உண்டு. இலவசமாகக் கொடுத்தாலும் விலக்கு. லைசென்ஸ் இல்லாமல் விற்றுப் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. ஒரு சிக்கன் துண்டு சூடாக இருக்கிறதா இல்லையா என்பதில் இத்தனை தொங்குகிறது. கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும், பப் மூடியபின் ஆட்கள் கூடுகிற இடம் சூடாகச் சாப்பாடு கிடைக்கிற இடம்தான், ஆறிய சமோசாவுக்கு யாரும் வரிசையில் நின்று சண்டை போட மாட்டார்கள்.

கொடுத்த லைசென்ஸை மறுபடி மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி போலீஸ் கேட்கலாம், சுகாதாரப் பிரிவு கேட்கலாம், தீயணைப்பு கேட்கலாம், தெருவில் குடியிருக்கும் நானும் கேட்கலாம். முன்பெல்லாம் பக்கத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்று இருந்ததை 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால் காரணம் நாலில் ஒன்றாக இருக்க வேண்டும்: குற்றமும் ஒழுங்கீனமும், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, குழந்தைகளுக்குத் தீங்கு. "எனக்குக் கடைக்காரரைப் பிடிக்காது" என்பதோ "தெருவில் வீட்டு விலை இறங்கிவிடும்" என்பதோ அங்கே காரணமே இல்லை. எங்கள் விஷயத்தில் விண்ணப்பம் போட்டது சுகாதாரப் பிரிவு, நானும் இன்னும் ஐந்து வீட்டுக்காரர்களும் ஆதரித்து எழுதினோம். போலீஸ் ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் கணக்கில் அடிதடி இல்லை, திருட்டு இல்லை, தூக்கம் போனது எந்தக் கணக்கிலும் வராது.

எழுதி அனுப்பினபிறகுதான் கடைசிப் பாராவைச் சரியாகப் படித்தேன். எழுதுகிறவர்களின் பெயரும் முகவரியும் கடைக்காரருக்குப் போகும். எதிர்த்துச் சொல்கிறவர் யார் என்று தெரியாமல் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார், நியாயம்தான், மிரட்டல் பயம் மாதிரி ஏதாவது இருந்தால்தான் மறைப்பார்களாம். எனக்கு மிரட்டல் பயம் இல்லை. எனக்கு இருந்தது அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்கிற பயம்.

ஏனென்றால் கடைக்காரர் நம்ம ஆள். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். லண்டனில் சிக்கன் கடை, பெட்ரோல் நிலையம், மூலைக்கடை என்று எதில் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஈழத்தமிழர் இருக்க நல்ல வாய்ப்புண்டு. எங்கள் மகளுக்குக் கூடுதலாக இரண்டு விங்ஸ் போடுகிறவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். நான் அவர் கடைப் பக்கம் போகாமல் சுற்று வழியில் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன், பத்து நாள். பதினோராவது நாள் சூப்பர்மார்க்கெட்டில் வெங்காய வரிசையில் எதிரே வந்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி, என்னட்ட ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே?"

சொன்னேனே அண்ணா என்றேன். இரண்டு தடவை சொன்னேன், ஒரு தடவை நீங்கள் இல்லை, பையனிடம் சொன்னேன். அவர் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஆசையே விடிய ரெண்டு மணி வரைக்கும் நிக்க? பகல் யாவாரம் வாடகைக்கே காணாது. பத்து மணிக்குப் பிறகுதான் கடையில காசு வாறது. அந்த டெலிவரிப் பொடியள் என்ர ஆக்கள் இல்லை, நான் சொன்னாக் கேப்பாங்களே?" அவரை மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் வரவில்லை. அதே நேரம் என் தூக்கமும் எனக்கு வரவில்லை. அப்படியே இரண்டு பேரும் வெங்காயம் வாங்கிக்கொண்டு போனோம்.

விசாரணை டவுன் ஹாலில் ஒரு சின்ன அறையில். கருத்துச் சொல்லும் 28 நாள் முடிந்தபின் 20 வேலை நாளுக்குள் நடத்தியாக வேண்டும் என்று விதி. நான் ஏதோ கோர்ட் மாதிரி எதிர்பார்த்துப் போனேன், ஒரு ஜக் தண்ணீரும் ஏழெட்டு நாற்காலியும்தான் இருந்தது. மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் சட்டம் சொல்ல ஒரு வக்கீல், குறிப்பெடுக்க ஒருவர். கடைக்காரர் கோட்டுப் போட்டு வந்திருந்தார், அந்தக் கோட்டில் அவரை நான் பார்த்ததே இல்லை, யாரோ கல்யாணத்துக்குத் தைத்தது மாதிரி இருந்தது. கூடவே அவருடைய வக்கீல். ஒவ்வொரு தரப்புக்கும் சமமான நேரம், கேள்வியெல்லாம் கவுன்சிலர்கள்தான் கேட்பார்கள், நாம் ஒருவரையொருவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டும்.

சுகாதார அதிகாரி முதலில் பேசினார். அப்புறம் எதிர் வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, தன் நாய் தெருவில் கிடந்த கோழி எலும்பை விழுங்கி டாக்டரிடம் போன கதையைச் சொன்னார், கவுன்சிலர்கள் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த நாட்டில் மனுஷன் தூங்காததைவிட நாய் துன்பப்படுவது சட்டென்று எடுபடும். அடுத்து நான். பேப்பரைப் பார்த்துத்தான் படித்தேன், கை நடுங்கியது.

கடை வக்கீல் கெட்டிக்காரர். அந்தத் தெருவில் ராத்திரி பஸ் ஸ்டாப் இருக்கிறது, பப் இருக்கிறது, சத்தம் போட்டது எங்கள் வாடிக்கையாளர்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அதோடு, கடையை விட்டு நகர்ந்தபின் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அவரவர் பொறுப்பு, கடையின் பொறுப்பு வாசலும் அதை ஒட்டிய இடமும்தான் என்று உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது என்றார். உண்மைதான், அப்படித்தான் சொல்கிறது. நடுவில் இருந்த கவுன்சிலர் அம்மா என் படிவத்தைப் புரட்டி, "கையில் கடையின் பெட்டி என்று இங்கே பதினான்கு இடத்தில் இருக்கிறதே, இடம் கடை வாசல் என்றும் போட்டிருக்கிறதே" என்றார். வக்கீல் தண்ணீர் குடித்தார். ஆறு வாரத் தூக்கத்துக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு மிடறு தண்ணீர்.

கடைக்கு ஆதரவாகவும் கடிதங்கள் வந்திருந்தன, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றை வாசித்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தத் தெருவில் எரிகிற ஒரே விளக்கு இந்தக் கடைதான், சூடாக ஏதாவது வயிற்றில் விழுவதும் அங்கேதான், பயமில்லாமல் வீடு வரை நடப்பதும் அந்த வெளிச்சத்தில்தான் என்று எழுதியிருந்தார். எனக்கு முகம் சுட்டது. கடையை மூட வேண்டும் என்று நான் எழுதவில்லை, நேரத்தைக் குறைக்கத்தான் எழுதினேன், இருந்தாலும் சுட்டது. அந்த வெளிச்சத்தை நான் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கவுன்சிலர்கள் கையில் இருப்பது சில வழிகள்தான். நிபந்தனைகளை மாற்றலாம், லைசென்ஸ் அனுமதிக்கிற வேலைகளில் ஒன்றை மட்டும் நீக்கிவிடலாம், மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், முழுதாக ரத்து செய்யலாம், ஒன்றுமே செய்யாமலும் விடலாம். ஐந்து வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நாலாம் நாள் மின்னஞ்சல் வந்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 12 மணி, வெள்ளியும் சனியும் 1 மணி. டெலிவரி வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கடைக்குள் காத்திருக்க வேண்டும். மூடும் முன் ஒரு ஆள் வெளியே வந்து பெட்டிகளையும் எலும்பையும் பொறுக்க வேண்டும். கேமராப் பதிவு 31 நாள் இருக்க வேண்டும். ஃபேனைச் சர்வீஸ் செய்து ரசீது காட்ட வேண்டும். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் என்று சொல்வார்களே, அப்படி. எதிர் வீட்டுப் பாட்டிக்கு அது போதவில்லை, ரத்து செய்திருக்க வேண்டும் என்றார். எனக்குப் போதும் என்று பட்டது, கொஞ்சம் அதிகம் என்றும்கூடப் பட்டது, வெள்ளிக்கிழமை ஒன்றரை வரை விட்டிருக்கலாம்.

ஆனால் முடிவு உடனே அமலுக்கு வராது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. 21 நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், போனால் அது தீரும்வரை பழைய நேரம்தான். அப்பீலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள், ஆனாலும் கவுன்சில் சொன்ன காரணங்களுக்குத் தக்க மதிப்புக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும் என்று 2011ல் அப்பீல் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது லண்டன் சோஹோவில் ஒரு பப் வழக்கு, ஆறு மணிக்குமேல் வாடிக்கையாளர்கள் திறந்த கிளாஸோடு தெருவுக்கு வரக்கூடாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் போட்ட நிபந்தனையைப் பற்றியது. இதெல்லாம் படித்து வைத்திருந்தேன், அந்த 21 நாளும் நகம் கடித்துக்கொண்டு. அண்ணன் அப்பீல் போகவில்லை. வக்கீலுக்குக் கொடுத்தது போதும் என்று யாரிடமோ சொன்னாராம்.

இப்போது மூன்று மாதமாகிறது. மொபெட் சத்தம் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய், பாதி பேர் மின்சார சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள், அதனால்தான் குறைந்ததா நிபந்தனையால் குறைந்ததா என்று யாருக்குத் தெரியும். ஷட்டருக்கு எண்ணெய் போட்டிருக்கிறார்கள், அதை யாரும் உத்தரவிடவில்லை. நரி இன்னும் வருகிறது, வந்து வெறும் வாயோடு போகிறது. ராத்திரி ஒரு மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்காரர் இருட்டில்தான் நடப்பார் என்பது நினைப்பு வரும்போது வரும்.

போன செவ்வாய் ஊரிலிருந்து அம்மா வந்த விமானம் தாமதம். ஹீத்ரோவிலிருந்து வீடு வந்து சேர பன்னிரண்டு பத்து. அம்மாவுக்கு ஒரு வாய் சூடாகக் குடிக்க வேண்டும், எங்கள் வீட்டில் பால் இல்லை, வழக்கம்போல. கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது, அண்ணன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிந்து உள்ளே பார்த்து, டீ கிடைக்குமா அண்ணா என்று கேட்டுவிட்டேன், கேட்டபின்தான் யார் யாரிடம் எத்தனை மணிக்கு என்ன கேட்கிறோம் என்று உறைத்தது. அவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சூடா ஒண்டும் விக்கேலாது தங்கச்சி. நீங்கள்தானே எழுதினனீங்கள்."

அப்புறம் கல்லாவுக்கு அடியிலிருந்து தன் ஃபிளாஸ்க்கை எடுத்து இரண்டு கப்பில் ஊற்றினார், இஞ்சி வாசம் வந்தது. "இது எனக்கு வைச்ச தேத்தண்ணி. அம்மாவுக்குக் குடுங்கோ." சும்மா வாங்கக் கூச்சமாக இருந்தது, ஒரு கோக் பாட்டிலை எடுத்துக் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கோக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு டீ கொடுத்தால் அது இலவசம் இல்லையாம், வக்கீல் சொல்லியிருக்கிறாராம்.